பக்கத்து வீட்டுச் சாட்சி

கொத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். "நான் வெச்ச சுவர் நூல் பிடிச்ச மாதிரி நிக்கும்" என்று கேட்காதவர்களிடமும் சொல்வார். அதில் பொய்யும் இல்லை. ஆனால் அவர் பெயரைக் கெடுத்ததும் ஒரு சுவர்தான், அதுவும் சொந்த வீட்டு மதில்.

போரில் தெருவே காலியாகி, ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். போர் ஓய்ந்ததும் முதலில் திரும்பியவர் கொத்தனார். இடிந்து கிடந்த வீட்டை எழுப்பினார். கையோடு மதிலையும் வைத்தார். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் அப்போது குடும்பத்தோடு எங்கோ கூடாரத்தில் கிடந்தார். இரண்டு மாதம் கழித்து வந்து பார்த்தவர், "என் இடத்துல அரையடி உள்ள வந்திருக்கு!" என்று குதித்தார். "ஒரு அங்குலம்கூட வரல" என்று கொத்தனார் அடித்துச் சொன்னார். அன்று நின்ற பேச்சுதான், பதினோரு வருடம் ஆகியும் திரும்பவில்லை.

போன மழையில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்து இரண்டு வீட்டையும் வாரிக்கொண்டு போனது, மதிலையும் சேர்த்துத்தான். விதியின் குசும்பைப் பாருங்கள்! பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தபோது இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வகுப்பறை. நடுவில் ஒரு போர்வைதான் தடுப்பு. பெண்கள் முதல் நாளே ஒரே அடுப்பில் சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்கள் மட்டும் முறைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். "அந்தக் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லும்மா" என்று கொத்தனார் மகளிடம் சொல்வார். குடம் டிரைவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

புது வீடு ஒதுக்க அதிகாரி வந்தார். பத்திரம் வெள்ளத்தில் போனவர்களுக்கு ஒட்டிய வீட்டுக்காரர் சாட்சி சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் பெயர் பட்டியலில் ஏறாது. கொத்தனாரின் பத்திரமும் ஆற்றோடு போயிருந்தது. அவர் வீட்டுக்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் டிரைவர்.

"போய்க் கேளுங்க" என்றாள் மனைவி.

"செத்தாலும் மாட்டேன்."

"சரி, நாம நாலு பேரும் இந்தக் கரும்பலகைக்குக் கீழயே குடித்தனம் நடத்தலாம்."

கொத்தனார் முறை வந்தது. மேசை முன்னால் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். யாரும் கூப்பிடாமலே டிரைவர் எழுந்து வந்தார்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியுமாவா! என் இடத்துல அரையடி உக்காந்திருந்த ஆளு சார்!"

வரிசையே சிரித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று கொத்தனார் கண்ணை மூடிக்கொண்டார். டிரைவரோ நிறுத்தவில்லை.

"முகப்பு இருபத்திரண்டு அடி சார். ரெண்டு ரூம், பின்னால அடுப்படி. போருக்கு முன்னாலயிருந்தே இவர் வீடுதான். எத்தனை தடவை டேப்பைப் பிடிச்சு அளந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

அதிகாரி தாளை நீட்டினார். "அந்த அரையடித் தகராறையும் எழுதணுமா?"

"அதெல்லாம் வேண்டாம் சார். ரெண்டு பொண்ணுங்களை வெச்சிருக்கிற மனுஷன். முதல்ல வீட்டைக் கொடுங்க."

கொத்தனாருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். பதினோரு வருடத்தில் முதன்முறையாக அந்த முகத்தை நேராகப் பார்த்தார்.

"டிரைவரே... அது அரையடி இல்ல. முக்கால் அடி."

டிரைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அடப்பாவி மனுஷா! அப்ப இத்தனை வருஷமும் நான் மூணு அங்குலம் குறைச்சுல்ல சண்டை போட்டிருக்கேன்!"