அப்பாவின் நுரையீரல்

எங்கள் வகுப்பில் சிகரெட் குடிக்கும் கருவி ஒன்று இருந்தது. சுகாதாரப் பாடம் எடுத்த வாத்தியார் அதைத் தம் கையால் செய்திருந்தார். ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழாய். அதன் ஒரு முனையில் சிகரெட், மறு முனையில் ஆளேற்றும் மூன்று சக்கர திரிஷா வண்டியின் ஹாரனிலிருந்து கழற்றிய ரப்பர்க் குமிழ், இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் பஞ்சு. சிகரெட்டைப் பற்றவைத்துக் குமிழை அமுக்கி அமுக்கி விட்டால், அது மனிதர்களைப் போலவே புகையை இழுத்து விடும். சிகரெட் பாதி கரைவதற்குள் பஞ்சு பழுப்பேறிவிடும். வாத்தியார் அதை ஒரு குச்சியால் வெளியே எடுத்து, வரிசை வரிசையாக வந்து எங்கள் மூக்கருகில் காட்டினார்.

"ஒரே ஒரு சிகரெட்டுக்கு இந்தக் கதி. உங்க நெஞ்சுக்குள்ள ரெண்டு பஞ்சு மூட்டை இருக்கு. அதுக்குப் பேருதான் நுரையீரல். நாள் முழுக்க ஊதுறவனோட மூட்டை எப்படி இருக்கும்னு நீங்களே நெனச்சுப் பாத்துக்குங்க."

அந்தச் சிகரெட்டை அவர் தம் சட்டைப்பையிலிருந்துதான் எடுத்தார். கடைசி வரிசைப் பையன் ஒருவன் துணிந்து, "அப்ப நீங்க சார்?" என்று கேட்டுவிட்டான். அவர் கோபப்படவில்லை. "நான் கெட்டுப்போன கேஸ்டா. புது நாட்டுக்குப் புது நுரையீரல் வேணும். அது உங்ககிட்டதான் இருக்கு" என்றார். சுதந்திரம் கிடைத்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பல் துலக்குவதைக்கூடப் புது நாட்டுக்காகத் துலக்கச் சொன்ன காலம் அது.

அவர் இன்னொரு ஏற்பாடும் செய்தார். வகுப்பில் ஒவ்வொருவரும் முறைவைத்து அந்தக் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். புகைபிடிக்கும் பெரியவர் ஒருவருக்காவது செய்து காட்ட வேண்டும். திங்கட்கிழமை வந்து என்ன நடந்தது என்று வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். யாராவது ஒருவரைச் சிகரெட்டை விடவைத்தால் வகுப்பே கைதட்டும். ஐந்து பேரின் முறை முடிந்திருந்தது. இன்னும் ஒருவருக்கும் கைதட்டு விழவில்லை. ஆறாவதாக என் முறை வந்தபோது எனக்குப் பத்து வயது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அக்காவுக்குத் தட்டு மாற்ற நாள் குறித்திருந்தார்கள்.

நாங்கள் காஜா பேராங் என்ற பகுதியில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. சிகரெட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டே அழகாக எழுதுவார். காலையில் குழாயடியில் பல் துலக்கும்போது அவர் இருமும் இருமல்தான் எங்கள் வரிசை வீடுகளுக்கு அலாரம். அதைத் தவிர அவருக்கு ஒரு நோயும் இருந்ததில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் செமாபோக் என்ற ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேராக வந்தார்கள். அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அம்மாவிடம்கூட அதைச் சொல்லாமல், என் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொல்லியிருந்தாள். அவர் சிரிக்கும்போது கண்ணும் சிரிக்கிறதாம். எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து நல்ல காரியங்களில் வெற்றிலைத் தட்டில் சிகரெட்டும் இருக்கும். வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, அவற்றுக்கு நடுவே ஐம்பது சிகரெட் அடங்கிய வட்டத் தகர டப்பா. அது இல்லாவிட்டால் மரியாதைக் குறைச்சல். வீட்டின் ஆண்பிள்ளை அந்தத் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் குனிய வேண்டும். வீட்டின் ஆண்பிள்ளை நான்தான்.

குனிந்தேன். மாப்பிள்ளையின் அப்பா ஒன்று எடுத்தார். அவர் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் இரண்டு எடுத்து, ஒன்றைக் காதில் செருகிக்கொண்டார். அப்பா, விருந்தினர் எல்லாரும் எடுத்த பிறகு, கடைசியாக ஒன்று எடுத்தார். கூடம் புகையால் நிறைந்தது. இத்தனை பேர் புகைபிடிப்பதை ஒரே இடத்தில் நான் பார்த்ததே இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று சொல்லப்போவதை நினைத்தபோது என் காது சூடாகிவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடிக் கருவியைக் கொண்டுவந்தேன்.

"என்னா இது, ஹாரனா?" என்றார் தாய்மாமன்.

"இல்ல மாமா. இது நுரையீரல்."

அவருக்கு வேடிக்கையாகப் போயிற்று. காதில் செருகியிருந்த சிகரெட்டை அவரே எடுத்துக் குழாயில் வைத்து, அவரே பற்றவைத்தார். நான் குமிழை அமுக்கினேன். அப்பா புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மகன் படிப்பில் கெட்டிக்காரன் என்பது சபையில் தெரிவதில் அவருக்கும் ஒரு பெருமை. பஞ்சு பழுப்பானது. அதைக் குச்சியால் எடுத்து, வாத்தியார் செய்ததைப் போலவே, ஒவ்வொருவர் மூக்கருகிலும் காட்டினேன். வாத்தியார் சொன்னதை ஒரு வரி விடாமல் சொன்னேன்.

எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏய் சின்ன வாத்தியாரே, வெளியிலதான் கறுப்பா இருக்கோம், உள்ளயாச்சும் வெள்ளையா இருந்துட்டுப் போவோம்னா, அதையும் விட மாட்டியா?" என்றார் தாய்மாமன். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. பெண்கள் பக்கத்திலிருந்தும் சிரிப்பு வந்தது. "சரிடா, உங்கப்பா எத்தனை வருஷமா ஊதுறாரு? கல்லு மாதிரி உக்காந்திருக்காரே. அவருக்கு என்னா ஆச்சு, சொல்லு பாப்போம்."

"ஆச்சு" என்றேன். "அப்பா இருமுறப்ப ரத்தம் வருது."

பிற்காலத்தில் எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டதுண்டு. அக்கா எங்களை விட்டுப் போய்விடக் கூடாது என்று ஒரு சின்னப் பையன் தவித்தான், அதனால் சொன்னான் என்று. அப்படி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உண்மை அது அல்ல. சிரித்தார்கள், சிரிப்பு நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நின்றுவிட்டது.

நுரையீரல், இருமல், இரத்தம். அந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால் அப்போது யாருக்கும் சிகரெட் நினைவுக்கு வராது. காசநோய்தான் வரும். ஒரு வீட்டில் காசம் இருக்கிறது என்றால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள். வகுப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா, அப்பாவின் நாற்காலிக்கருகில் விளையாடிக்கொண்டிருந்த தன் பேத்தியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "டேய், என்னடா உளர்றே?" என்றார் அப்பா. அந்த நேரம் பார்த்து அவருக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தார், அடக்க அடக்க அதிகமாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல நேரம் தாண்டிப்போச்சுபோல இருக்கு கிராணியாரே. இன்னொரு நாளைக்கு வச்சுக்குவோம்" என்றார். யாரும் சத்தம் போடவில்லை. கொண்டுவந்த தட்டுகளை அவர்களே மறுபடியும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். அடிவிழும் என்று பயந்து, "குழாயடியில பாத்தேன், நெஜமாப் பாத்தேன்" என்று அழுதேன். சபையில் சொன்னதைக்கூட ஒரு சிறுவனின் உளறல் என்று விட்டிருக்கலாம். சமையலறையில் சொன்னதுதான் அதை உறுதியாக்கியது. அம்மாவின் கை தளர்ந்தது. அக்கா பட்டுச்சேலையோடு என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "சத்தியமா பாத்தியா தம்பி?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினேன்.

மறுவாரம் அப்பா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, ஆனால் சிகரெட்டை விட்டால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். அம்மா அது இருந்த பழுப்பு உறையைச் சாமிப் படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்த உறையை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு செமாபோக்குக்கு பஸ் ஏறினார். பிள்ளை வாயால் கேட்டால்தான் மனசு சமாதானமாகும் என்று அவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். பஸ்ஸில் அப்பா என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "கேட்டா பயப்படாம உள்ளதச் சொல்லு."

மாப்பிள்ளையின் அப்பா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சாம்பல் நிறத்தில் அப்பாவின் விலா எலும்புகள் தெரிந்தன. தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"எங்களுக்கு இதுல என்னா தெரியும் கிராணியாரே? எலும்புதான் தெரியுது."

நான் முன்னால் போய்ப் படத்தை நேராக்கிக் கொடுத்தேன். "இது ரெண்டும் நுரையீரல். இது இருதயம். இந்த எலும்பெல்லாம் கூடு மாதிரி" என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர்கள் கவனமாகக் கேட்டார்கள். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்போது மாப்பிள்ளையின் அப்பா குனிந்து என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். மிரட்டவில்லை. "தம்பி, நீ கெட்டிக்காரப் புள்ள. பொய் சொல்ல மாட்டே. உங்கப்பாவுக்கு ரத்தம் வந்துச்சா, வரலியா?"

வரவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் கெட்டிக்காரப் பிள்ளை பொய்யனாகிவிடுவான். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து அறையில் மாப்பிள்ளையும் இருந்தார். கதவிடுக்கில் அவருடைய கால் தெரிந்தது. நான் நன்றாக யோசித்து, யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, சொன்னேன்:

"இப்ப வர்றதில்ல."

மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்தார். அப்பா படத்தை வாங்கி, மடங்காமல் உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

திரும்பும்போது பஸ்ஸுக்காக வெகுநேரம் நின்றோம். அப்பா திட்டவில்லை. சிகரெட்டும் பற்றவைக்கவில்லை. பஸ் வருவதைப் பார்த்தபடியே, "எப்பப் பாத்தே? காலையிலயா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "நெறையவா?" என்றார். "கொஞ்சந்தான்" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

அன்றோடு அப்பா சிகரெட்டை விட்டார். போன திங்கட்கிழமை வாய் திறக்காதவன், இந்தத் திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று அதைச் சொன்னேன். வாத்தியார் என்னை முன்னால் அழைத்துத் தோளில் கை வைத்து, "புது நாட்டுக்கு இவன் மாதிரி புள்ளைங்கதான் வேணும்" என்றார். வகுப்பே கைதட்டியது. அந்த ஆண்டு முழுவதும் வேறு யாருக்கும் அந்தக் கைதட்டு கிடைக்கவில்லை.

அக்காவுக்கு நான்கு வருடம் கழித்து, மனைவியை இழந்த ஒருவரோடு கல்யாணம் நடந்தது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய சிரிப்பைப் பற்றி அக்கா என்னிடம் எதுவும் சொன்னதில்லை. அப்பா எண்பது வயது தாண்டி இருந்தார்; இருதயம் நின்று இறந்தார். என் பொய்தான் அவருடைய நுரையீரலைக் காப்பாற்றியது என்று ஒருவர் வாதிக்கலாம். நானே பல வருடம் அப்படி வாதித்துப் பார்த்திருக்கிறேன். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தது. சொல்லவில்லை.

டாக்டரின் படத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அப்பாவைப் பொறுத்தவரை மகன் கண்ணால் பார்த்திருந்தான். நான் கவனிக்காமல் விட்டிருக்கலாம், படத்தில் தப்பு இருக்கலாம், என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான் என்று அவர் எடுத்துக்கொண்டார். எனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் சொன்னதையெல்லாம் நானும் நம்பத் தொடங்கிய பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா மாறிவிட்டார் என்பதுதான். செமாபோக்கிலிருந்து வந்த மறுநாளே முன்கூடத்தில் தனியாகப் பாய் போட்டுக்கொண்டார். தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்து, தாமே கழுவிக்கொண்டார். எங்களோடு பேசும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். முன்பெல்லாம் அலுவலகத்திலிருந்து வந்ததும் என்னை இழுத்து உச்சி முகர்வார், அதுவும் நின்றுபோயிற்று. சிகரெட்டை விட்டவர்களுக்கு இப்படித்தான் கோபம் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பந்து விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவந்து, அவருடைய தம்ளரில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அப்பா பாய்ந்து வந்து தம்ளரைப் பிடுங்கி என் கன்னத்தில் அறைந்தார். அவர் என்னை அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

தண்ணீர் குடித்ததற்கு யாராவது அடிப்பார்களா என்று அக்காவிடம் போய் அழுதேன். அவள் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், வாயைத் திறக்கச் சொல்லி, விரலில் உப்பை எடுத்து, உதடு, பல், நாக்கு என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டாள். வலிக்கிறது என்று கத்தினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாள். அப்பா அடித்ததற்கு இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.