மிளகாய் மண்டி மாடியில் மூச்சுப் பழக்கியவர்

தங்கையா அண்ணாச்சி காலமான செய்தி எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வந்தது. பேசியவர் துறைமுகத் தொழிலாளி முனுசாமி. "அண்ணாச்சி பூட்டாரு சார். தூக்கத்துலயே. நம்ம ஆளுங்களுக்குச் சொல்லிடு." அண்ணாச்சியிடம் ஆசனம் பழகிய அந்த ஆட்களில் பாதிப் பேர் ராயபுரத்தை விட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மிளகாய் மண்டி வைத்தவர் அண்ணாச்சி. விடியற்காலையில் மண்டி மாடியில் யோகாசனம் சொல்லிக்கொடுப்பார். துறைமுகக் கூலிகள், ரயில்வேக்காரர்கள், மாதா கோயில் தெருக்காரர்கள் வருவார்கள். முதல் நாள் மூச்சை ஆழ இழுத்ததும் கூட்டம் மொத்தமும் தும்மியது. கீழே மிளகாய் மூட்டை பிரித்திருந்தார்கள். "சுத்தமான காத்து வேணும்னா ஊட்டிக்குப் போகணும் வே" என்றார் அண்ணாச்சி.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சண்டையிட்ட இருவர் பாய்களை அடுத்தடுத்து விரிக்க வேண்டும். கடைசியில் சவாசனத்தில் கிடக்கும்போது ஒருவர் வயிற்றில் மற்றவர் கை வைத்து, அவர் மூச்சோடு தன் மூச்சைச் சேர்க்க வேண்டும். அண்ணன் தம்பி சண்டைகளுக்கு இது போதுமானதாக இருந்தது.

பிறகு துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வந்தது. ஆரோக்கியம் என்ற தொழிலாளி அதை மீறிப் போலீஸ் காவலோடு வேலைக்குப் போனார். அன்று துறைமுக வாசலில் போலீஸ் நடத்திய தடியடியில் முனுசாமியின் தம்பிக்கு மண்டை உடைந்தது. மறுநாள் காலை மாடியில் நானும் இருந்தேன். ஆரோக்கியம் படுத்திருந்தார். முனுசாமி மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியோடு ஏறி வந்தார்.

"கருங்காலி, எய்ந்துரு. கீய எறங்கு."

"அடிக்கிறத இங்கியே அடி மாமு. எறங்கத் தெம்பு இல்ல."

அண்ணாச்சி குரலை உயர்த்தவில்லை. "முனுசாமி, சண்டைன்னா பாயைப் பக்கத்துல போடணும்லா?"

"கொக்கிய வுட மாட்டேன்."

"விட வேண்டாம். அப்படியே படுத்துக்கிடும்."

வலது கையில் கொக்கியைப் பிடித்தபடியே படுத்து, இடது கையை ஆரோக்கியத்தின் வயிற்றில் வைத்தார் முனுசாமி. கொக்கி முனை பலகைத் தரையைக் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. சற்றுப் பொறுத்து அவர் தலையைத் தூக்கினார்.

"இன்னாடா, வயிறு முதுகோட ஒட்டிக்கினு கீது. இன்னா துன்னே?"

"புள்ளைங்க துன்னுச்சுங்க."

முனுசாமி கொக்கியை விடவில்லை, கையையும் எடுக்கவில்லை. இரண்டு வயிறுகளும் மெல்ல ஒன்றாக ஏறி இறங்கத் தொடங்கின. எழுந்ததும் முனுசாமி சொன்னார்: "நாளிக்கு ஹார்பர் கேட்டாண்ட வந்தே, அடிப்பேன். புள்ளைங்கள இட்டுக்கினு எங்க வூட்டுக்கு வா." ஆரோக்கியம் மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

"அடித்திருந்தால்?" என்று அண்ணாச்சியிடம் பிறகு கேட்டேன். "எனக்கும் ஒதறல்தான். சமாதானம் பண்ண எனக்குத் தெரியாது வே. பக்கத்துல படுக்க வைக்கத்தான் தெரியும்" என்றார்.

பத்திரிகையில் யாரையாவது கண்டித்து எழுதுமுன் அந்த ஆளின் பக்கத்தில் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்து வருகிறேன். அதன் பிறகும் கண்டித்து எழுதியது உண்டு. ஆனால் போகாமல் எழுதியதில்லை. அண்ணாச்சியிடம் நான் ஒழுங்காகப் பழகிய ஆசனம் அது ஒன்றுதான். மற்றவற்றுக்கு என் முதுகு வளையவில்லை.