மேடத்தின் பக் ரிப்போர்ட்

உலகத்திலேயே ஒரே ஒருவர்தான் அவளை 'மேடம்' என்று கூப்பிட்டார். வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் அவள் பெயர் 'ஏம்மா'. டாக்டர் வாயால் சொல்வதைக் காதில் வாங்கி ரிப்போர்ட் அடிக்கிறவளுக்கு அதற்கு மேல் யார் மரியாதை கொடுக்கப்போகிறார்கள்? மேடம் என்று கூப்பிட்டது அவள் புருஷன், பஸ் டிரைவர். கல்யாணமான புதிதில் எதற்கோ அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது கிண்டலாக ஆரம்பித்தது அப்படியே ஒட்டிக்கொண்டது.

வாய் என்றால் அப்படி ஒரு வாய் அந்த மனுஷனுக்கு. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் முன்னால் போகும் லாரி, குறுக்கே வரும் நாய், கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கா என்று ஒன்றையும் விடமாட்டார், எல்லாரோடும் பேச்சு. அவருக்குப் போய் இந்த நரம்பு வியாதி வந்தது. மருந்து கிடையாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். முதலில் கால் போனது, பிறகு கை, அப்புறம் நாக்கு. மிஞ்சியது வலது கட்டைவிரலும் இரண்டு கண்ணும்தான். கண்ணை மேலே தூக்கினால் 'ஆமாம்', மூடினால் 'இல்லை'. ஆனால் அதெல்லாம் யாராவது கேட்டால் சொல்லும் பதில். தானாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் கட்டைவிரல் வேண்டும்.

மாடி வீட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். தூக்கிப் போட இருந்த லேப்டாப் ஒன்றில் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் சிஸ்டத்தை ஏற்றி, பேச முடியாதவர்களுக்கான புரோகிராம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். திரையில் எழுத்துகள் வரிசையாக இருக்கும், ஒரு வெளிச்சம் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய எழுத்துக்கு வரும்போது கட்டைவிரலின் கீழே ஒட்டிய பொத்தானை அழுத்த வேண்டும். எழுதியதை மெஷின் சத்தமாகப் படிக்கும். பக்கத்து வீட்டில் மணி அடித்து உதவிக்குக் கூப்பிடுவதும் அதே பொத்தான்தான். அன்றைக்கு மெஷின் முதலில் சொன்னது, "மேடம், மூக்கு அரிக்குது." மூக்கைச் சொறிந்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

இத்தனையையும் கெடுத்தது ஓர் அப்டேட். அதற்குப் பிறகு மூணு வார்த்தை தாண்டினாலே புரோகிராம் செத்துவிழும். வெளிச்சம் அப்படியே நின்றுவிடும், பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, பக்கத்து வீட்டு மணியும் அடிக்காது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தாள். டிரைவரின் கால் பலகையிலிருந்து வழுக்கி நாற்காலிச் சக்கரத்தில் முறுக்கிக்கொண்டு வீங்கிக் கிடந்தது. காலையிலிருந்தே இப்படியா என்று கேட்டாள், கண் மேலே போனது.

மதியம் சாப்பாடு ஊட்ட வந்துபோன பக்கத்து வீட்டம்மா பதறிப்போனாள். "நல்லாயிருக்கீங்களான்னு கேட்டேன்மா. கண்ணை மூடினாரு. தூக்கம் வருதுபோலன்னு நெனச்சுட்டேன்மா!"

அவள் சக்கரத்திலிருந்து காலை விடுவித்துப் பலகையில் வைத்தாள். செருப்பைக்கூடப் போடாமல் மாடிக்கு ஓடினாள்.

ரிப்பேர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "இது பழைய வெர்ஷன்மா. புரோகிராமை எழுதினவங்க புதுசுல இதைச் சரி பண்ணிட்டாங்க. நம்ம லினக்ஸ்ல ஒவ்வொரு புரோகிராமையும் பேக்கேஜா கட்டி வெச்சிருப்பாங்க, இந்தப் பேக்கேஜைப் பாத்துக்கறதுக்குன்னு ஒருத்தர் பேரு போட்டிருக்கு. அந்த ஆளு அதை எடுத்துப் போடணும். வருஷக்கணக்கா ஆளையே காணோம்."

"சம்பளம் வாங்கலையா அவரு?"

"யாரும்மா குடுக்கறாங்க? எல்லாம் சும்மா செய்யறவங்க. கோளாறு இதுன்னு பக் ரிப்போர்ட் ஒண்ணு எழுதிப் போடுவோம்."

தெரிந்த இங்கிலீஷில் எழுதிப் போட்டாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள், ஒரு ஈ காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை. இதற்கிடையில் புரோகிராம் தினமும் செத்துக்கொண்டிருந்தது. அவள் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து யாருடைய சிறுநீரகக் கல்லையோ டைப் அடித்தபடி, இந்நேரம் வீட்டில் வெளிச்சம் நகர்கிறதா நின்றுவிட்டதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மதிய இடைவேளையில் அந்த ரிப்போர்ட்டின் பக்கத்தைத் திறந்தவள், 'கடுமை' என்று ஓர் இடம் இருப்பதைக் கவனித்தாள். 'சாதாரணம்' என்று இருந்ததை எடுத்துவிட்டு இருப்பதிலேயே உச்சமானதைப் போட்டாள். அவள் பார்த்த உலகத்தில் அதுதான் வழி. ஸ்கேன் சென்டரில் சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதிய ஃபைல் எல்லாவற்றுக்கும் மேலே வந்துவிடும், பெரிய டாக்டரே எழுந்து வருவார்.

மறுநாளே மெயில் வந்தது. முழுவதும் படிக்காமலே துள்ளிக் குதித்துக்கொண்டு மாடிக்குப் போய்க் காட்டினாள். அண்ணன் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை யாரும்மா உச்சத்துக்கு ஏத்தினது?"

"நான்தாண்ணா. அப்பவாவது கவனிப்பாங்கன்னு…"

"கவனிச்சுட்டாங்க. இவ்வளவு மோசமான பக் இருக்கற பேக்கேஜை அடுத்த வெளியீட்டுல சேக்க மாட்டாங்களாம். கெடு குடுத்திருக்கான் பாரு. அதுக்குள்ள சரி பண்ணலேன்னா தானா தூக்கிடும், அப்புறம் புதுசு நமக்கு வரவே வராது. சீட்டைக் கிழிச்சுட்டாங்கம்மா."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கீழே வந்து புருஷனிடம் சொன்னாள். வெளிச்சம் நகர்ந்தது, கட்டைவிரல் அழுத்தியது, மெஷின் பேசியது: "மேடம் கை வெச்சா". அத்தோடு செத்துவிட்டது.

"வெளங்கின மாதிரிதான்," என்று மிச்சத்தை அவளே சொல்லி முடித்தாள். டிரைவர் கண்ணை மேலே தூக்கினார். கண்ணிலே அந்தப் பழைய கள்ளச்சிரிப்பு இருந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது.

கடுமையைக் குறைத்துவிடலாம், ஆனால் அப்புறம் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கமாட்டான் என்றார் அண்ணன். ஒரு வழி இருந்தது. அந்த ரிப்போர்ட்டில் யார் எதை எழுதினாலும் கெடு கொஞ்சம் தள்ளிப்போகும். போதாதா? தினமும் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறாளோ இல்லையோ, ஒரு வரி எழுதினாள். 'இன்னும் அப்படியேதான் இருக்கிறது.' மறுநாளும் அதே வரி. கடைசியில் எவனோ ஒரு புண்ணியவான், 'புது விஷயம் இருந்தால் மட்டும் எழுதவும்' என்று பதில் போட்டான்.

புது விஷயமா வேண்டும்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்: 'புது விஷயம். என் கணவரின் கட்டைவிரல் போன வாரத்தைவிட மெதுவாக அசைகிறது. அவர் பேசுவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது.'

அதற்குப் பதில் வந்தது. எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ தெரியாது. 'புது வெர்ஷனை நீங்கள் பேக்கேஜாகத் தயார் செய்து கொடுங்கள். நான் சரிபார்த்து ஏற்றிவிடுகிறேன்.'

ரிப்பேர் அண்ணன் கடையை அரைநாளோடு மூடிவிட்டு உட்கார்ந்தார். புது வெர்ஷன், இன்னொரு பேக்கேஜும் புதிதாக வேண்டும் என்றது. அதுவும் பழையதாய்க் கிடந்தது, அதையும் கேட்க நாதியில்லை. ஒன்றை இழுத்தால் இன்னொன்று கூடவே வந்தது. அதையெல்லாம் முடித்து அனுப்பினால், ஏதோ ஒரு ஃபைலுக்கு லைசென்ஸ் விவரம் இல்லை என்று திரும்பி வந்தது.

"மனுஷன் வாயைத் திறக்கறதுக்கும் லைசென்ஸாண்ணா? நீங்க முன்னாடியே பாத்திருக்கக் கூடாதா? வெரலு போயிட்டிருக்குண்ணா!" என்று மாடியே அதிரக் கத்தினாள்.

"கத்தும்மா, நல்லா கத்து," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த லைசென்ஸ் விவரத்தையும் எழுதிச் சேத்துடறேன்."

வீட்டில் டிரைவர் சிக்கனமாகிவிட்டார். வாக்கியம் வார்த்தையாகிவிட்டது. அப்புறம் 'மேடம்' என்பதே 'மே' ஆனது. அதற்கும் வெளிச்சம் பலமுறை சுற்றி வர வேண்டியிருந்தது.

ஒருவழியாக ஏற்றிவிட்டார்கள். கெடுவும் தப்பியது. மெயிலைப் பார்த்ததும் பாதி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அண்ணன் அப்டேட் பண்ணிவிட்டு எழுந்து வழிவிட்டார். வெளிச்சம் அழகாக நகர்ந்தது. முதல் வரிசை, இரண்டாவது வரிசை, கடைசி வரிசை, மறுபடி முதல்.

"அழுத்துங்க," என்றாள்.

வெளிச்சம் இன்னொரு சுற்று போய் வந்தது. வேகத்தை இருப்பதிலேயே குறைத்தாள். கட்டைவிரலைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள், வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றினாள், பொத்தானை இன்னும் நெருக்கி ஒட்டினாள். டிரைவரின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. "ஒரே ஒரு தடவைங்க. எனக்காக." விரல் கிடந்த இடத்தில் கிடந்தது. அவர் கண்ணை மூடினார்.

பொத்தான்தான் சரியில்லையோ என்று அண்ணன் தன் விரலால் அழுத்திப் பார்த்தார். நீளமாக ஏதோ எழுதினார். புரோகிராம் சாகவில்லை. மெஷின் ஒரு திக்கல் திணறல் இல்லாமல் முழுவதையும் படித்தது. அவர் விரலை எடுத்துக்கொண்டார். "டீ வேணாம்மா," என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

அடுத்த நாள் மெயில் வந்திருந்தது: 'சரியாகிவிட்டதா என்று ரிப்போர்ட் எழுதியவர் உறுதிசெய்யவும்.'

அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரியாயிடுச்சுன்னு எழுதிடட்டுமா?"

கண் மேலே போனது.

பாவி மனுஷன், அதற்குக்கூட நியாயம்தான் பார்க்கிறார். அவர் சொன்னதும் சரிதானே? புரோகிராமில் ஒரு குறையும் இல்லை. 'சரியாகிவிட்டது. மூடிவிடலாம். நன்றி' என்று அடித்து அனுப்பினாள். தாங்க முடியவில்லை. முகத்தைப் புடவையில் புதைத்துக்கொண்டு அழுதுவிட்டு நிமிர்ந்தபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாச்சும் சொல்லணுமா?"

கண் மேலே போனது.

"கால் வலிக்குதா?" மூடியது. "மூக்கு அரிக்குதா?" மூடியது. "தண்ணி வேணுமா? டிவி போடணுமா?" இல்லை, இல்லை. "என்னைத் திட்டணுமா?" கொஞ்சம் யோசித்துவிட்டு மூடினார். வேறு என்னதான் இருக்கும்? கேள்விகள் தீர்ந்துபோய் வெறுமனே அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கூப்பிடணுமா?"

கண் மேலே போனது, போன இடத்திலேயே நின்றது.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தொண்டையைச் செருமி, அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கூப்பிடுவாரே அதே ராகத்தில், "மேடம்!" என்றாள்.

"சொல்லுங்க," என்று அவளே பதில் சொன்னாள்.