என் மனைவியை நான் அறிமுகம் செய்த விதம்

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவருக்கு ஒரு விஷயத்தைப் பல முறை சொன்னேன். தொலைபேசியில் சொன்னேன், கடை வாசலில் சொன்னேன், கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் மண்டப நடையில் வைத்தும் சொன்னேன். இது தேர்தல் இல்லை. நோர்வேயில் யாரும் வாக்குக் கேட்டு நீதிபதியாவதில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் சட்டம் படித்த நீதிபதிகளோடு சாதாரண மனிதர்கள் சிலரும் அமர்ந்து, அவர்களுக்குச் சமமாகத் தீர்ப்புச் சொல்வார்கள். மெத்டொம்மர் என்று பெயர். பஸ் ஓட்டுகிறவரும் வரலாம், பல் வைத்தியரும் வரலாம். நான்கு வருடத்துக்கு ஒரு தடவை நகரசபை ஆட்களைத் தெரிவு செய்யும். விருப்பமானவர் தன் பெயரைத் தானே ஒரு படிவத்தில் நிரப்பி அனுப்பினால் போதும். சங்கத்துக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

தலைவர் ஒவ்வொரு முறையும் தலையாட்டினார். தலையாட்டி முடித்துவிட்டு, "அது சரி, ஆனா எங்கட ஆக்களை நாங்கள்தானே அறிமுகப்படுத்த வேணும்" என்றார். அறிமுகக் கூட்டம், மேடை, ஒலிவாங்கி, சபையோர் கேள்வி, முடிவில் கையுயர்த்தி ஆதரவு தெரிவிப்பது என்று எல்லாவற்றையும் அவரே தீர்மானித்துவிட்டார். அறிமுகம் செய்கிற பொறுப்பை என் தலையில் கட்டினார். எனக்குத் தமிழ் எழுத வரும் என்பதுதான் இந்த நகரத்தில் நான் செய்த குற்றம். கலியாண வாழ்த்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும்.

ஐந்து பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் என் மனைவி.

அவள் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவள். ஒரு நாள் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தபோது, தானும் பெயர் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். உமக்கு ஏன் இந்தத் தலையிடி என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நூலகத்திலிருந்து நீதிமன்றம் பற்றிய நொர்ஸ்க் மொழிப் புத்தகமொன்றை எடுத்துவந்து, தெரியாத சொற்களுக்குப் பென்சிலால் அடிக்கோடிட்டு, வேலை முடிந்து வந்த களைப்போடு வாசித்தாள். தனக்கென்று அவள் எதையும் இப்படி ஆசைப்பட்டதை நான் கண்டதில்லை. கீழ் நீதிமன்றத்துக்கும் விண்ணப்பிக்கலாம், அங்கே வழக்குகள் சின்னவை, கெதியாக முடியும் என்று சொல்லிப் பார்த்தேன். மேன்முறையீடுதான் வேண்டும் என்றாள்.

அடுத்த இரண்டு கிழமையும் வேட்பாளர்கள் என் உயிரை எடுத்தார்கள். பலசரக்குக் கடைக்காரர் தினமும் அழைத்தார். அவருடைய ஊர், படித்த பாடசாலை, அங்கே உதைபந்தாட்ட அணியில் கோல் காப்பாளராக இருந்தது, கோயிலில் எந்தத் திருவிழா அவருடைய உபயம் என்பதெல்லாம் அறிமுகத்தில் வர வேண்டுமாம். இதற்கும் தீர்ப்புச் சொல்வதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சபைக்கு ஆள் யாரென்று தெரிய வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார். கறுப்பு அங்கி தருவார்களா, அதை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்பது அவருடைய அடுத்த சந்தேகம். மெத்டொம்மருக்கு அங்கியே கிடையாது என்றதும் குரல் இறங்கிவிட்டது. படம் எடுக்கத்தான் கேட்டாராம்.

இரண்டாவது ஆள் தமிழ்நாட்டிலிருந்து வந்த கணினிப் பொறியியலாளர். தன் விவரங்களை அரைப் பக்கத்தில் அடக்கி அனுப்பியிருந்தார். மரியாதையான மனிதர். வேலையைச் சொல்வதற்கு முன் எல்லோருக்கும் ஏன் ஊரைச் சொல்கிறீர்கள் சார் என்று கேட்டார். தலைவரோ, இந்தியாக்காரர் எப்படி எங்கட ஆளாவார் என்று தனியாகக் கூப்பிட்டு என்னைக் கேட்டார். அந்த ஐந்து பேரில் நகரசபையின் விதிகளை முழுதாக வாசித்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இவர், மற்றவர் என் மனைவி. மிச்ச இருவரும் தலைவருடைய சொந்தக்காரர்கள். அவர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, தலைவரே எழுதித் தந்துவிட்டார்.

மனைவியைப் பற்றிச் சுருக்கமாக எழுதினேன். முதியோர் இல்லத்தில் பணி, இரண்டு பிள்ளைகளின் தாய், பொறுமைசாலி. இவ்வளவுதான். அவள் அதை வாசித்துவிட்டுக் கடதாசியை மேசையில் வைத்தாள்.

"நான் ஏன் போறன் எண்டு எழுதேல்லையே" என்றாள்.

ஏன் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில், ஹொல்ம்லியா புறநகரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு குடும்பம் இருந்தது. எங்கள் சனம்தான். அந்த மனிதர் சங்கக் கூட்டங்களில் எனக்குப் பக்கத்தில் அமர்கிறவர். ஒரு ஞாயிறு மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேலே கதிரை விழுந்தது, பிறகு அந்தப் பிள்ளை அலறியது கேட்டது. பிள்ளை என்பது அவருடைய மனைவியைத்தான், இருபத்துமூன்று வயதிருக்கும். அது முதல் தடவையும் இல்லை. அடுத்த நாள் பொலிஸ்காரர் இருவர் வந்து கதவைத் தட்டி, ஏதாவது கேட்டதா என்றார்கள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். நாங்கள் என்று இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன். மனைவி என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மேன்முறையீட்டில், போதிய ஆதாரம் இல்லையென்று விடுதலையானார். அந்தப் பெண் தன் குழந்தையோடு தூரத்து நகரமான துரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்டாள். போன வருடம் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் மனைவி அவளைத் தற்செயலாகக் கண்டிருக்கிறாள். கண்டதும் முகம் கொடுக்க முடியாமல் குளிர் ஜாக்கெட்டுகள் தொங்குகிற இடத்துக்குள் ஒளிந்துகொண்டாளாம். அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். படிவக் கதை அதன் பிறகுதான் வந்தது.

இதையெல்லாம் மேடையில் சொல்ல முடியுமா என்று சத்தம் போட்டேன். பெயர் சொல்ல வேண்டாம், ஒரு வரி போதும் என்றாள். பொலிஸுக்குப் பொய் சொன்ன வீடு என்று தெரிந்தால் யார் உம்மை எடுப்பார்கள் என்று கேட்டேன். உண்மையில் எனக்கு நகரசபையைப் பற்றிய பயம் இல்லை. சனத்தைப் பற்றிய பயம். கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், பாடசாலை மண்டபமொன்றில். ஒன்றேகால் மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. சப்பாத்துகளிலிருந்து உருகிய பனி தரையெல்லாம் சேறாகிக் கிடந்தது. விளக்கேற்றி, உயிர்நீத்தவர்களுக்கு அகவணக்கம் செலுத்தி, தலைவர் பேசி முடிப்பதற்குள் சிற்றுண்டிக்கு வைத்த ரோல்ஸ் பாதி தீர்ந்துவிட்டது. எங்கள் சமூகம் முதன்முறையாக நீதிபதிகளைத் தெரிவு செய்கிறது என்று அவர் முழங்கினார். நான் தலையிலடித்துக்கொள்ளாத குறை. மண்டபத்தில் கண்ணை ஓட்டினேன். மேல்மாடிக்காரர் முன்பக்கமாகவே அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

சபையிலிருந்து ஒரு பெரியவர் எழும்பி, எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். எங்கட ஆள் ஒருவர் குற்றவாளியாக முன்னால் நின்றால் என்ன செய்வீர்கள்? கடைக்காரர் யோசிக்கவே இல்லை. எங்கட ஆள் என்றால் கொஞ்சம் பார்த்துத்தானே செய்ய வேண்டும் என்றார். கைதட்டல் நிற்க நேரமெடுத்தது. தலைவரின் சொந்தக்காரர் இருவரும் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். தெரிந்தவர் என்றால் வழக்கில் உட்காரவே கூடாது, விலக வேண்டும், தெரியாதவர் என்றால் ஆதாரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று பொறியியலாளர் விளக்கினார். ஒருவரும் கை தட்டவில்லை. இந்தச் சபையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியாக மனைவியை அழைத்தேன். முதியோர் இல்லம், இரண்டு பிள்ளைகள், பொறுமைசாலி. எழுதியதை அப்படியே வாசித்தேன். வாசித்து முடிந்த பிறகும் இன்னும் ஏதோ வரும் என்பதுபோல அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவர் தன் கேள்வியைக் கேட்டார்.

"நாங்கள் ஒருக்கா காதால கேட்டதைக் கேக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டம்" என்றாள். "அதால ஒரு பிள்ளைக்கு நியாயம் கிடைக்கேல்லை. இனி அப்பிடி இருக்கமாட்டன்."

அது என்ன வழக்கு, தங்கச்சி என்று தலைவர் இருந்த இடத்திலிருந்தே கேட்டார். அவள் அவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள். முன்னால் இருந்தவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதை நான் கண்டேன். ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது. நேரம் போகிறது, இனி ஆதரவு தெரிவிக்கிற நிகழ்ச்சி என்று அறிவித்தேன்.

கடைக்காரருக்கு மண்டபமே கையுயர்த்தியது. என் மனைவிக்குப் பின்வரிசைப் பெண்கள் சிலர் உயர்த்தினார்கள், பொறியியலாளர் உயர்த்தினார். நான் உயர்த்தவில்லை. அறிவிப்பாளர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஹொல்ம்லியாவுக்குப் போகிற ரயிலில் நான் வாய் ஓயவில்லை. தலைவரைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன், நீதி என்றால் என்னவென்று தெரியாத சனம் என்று எல்லோரையும் திட்டினேன். அவள் கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கொஞ்சம் தேற்ற வேண்டும் போலிருந்தது. இவர்கள் கையுயர்த்தாவிட்டால் என்ன, நகரசபை இவர்களையா கேட்கப் போகிறது, கடைசி நாள் கிட்டுகிறது, இன்றைக்கே படிவத்தை அனுப்பும் என்றேன்.

"அதை நான் போன மாசமே அனுப்பீட்டன்" என்றாள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "பிறகென்னத்துக்கு அந்த மேடையில ஏறி நிண்டனீர்?"

"நீங்கள் சொல்லுவியளோ எண்டு பாக்கத்தான்."

அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதுவரை எல்லோரையும் திட்டிக்கொண்டு வந்த நான், ரயில் நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் அவளுக்குப் பின்னால் நடந்தேன்.