எருமைக்கான துப்பாக்கி

நேற்று, புதிதாகக் குடிவந்த வீட்டில் இரும்புத் தாழ்ப்பாளைத் தள்ளினேன். அந்தச் சத்தத்தில் அபுதாபியின் துப்பாக்கிக் கடையும் அங்கிருந்த எண்ணெய் வாசனையும் திரும்பி வந்தன.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது. நர்ஸான அம்மைக்கு விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையும் டியூட்டி. அதனால் டிரைவரான அப்பா, எட்டு வயது மகளான என்னையும் கடைக்குக் கூட்டிப் போனார். அப்பா 'அர்பாப்' என்று அழைக்கும் அவருடைய அரபி முதலாளி ஆப்பிரிக்காவில் காட்டெருமை வேட்டைக்கு ரைபிள் வாங்க வந்திருந்தார். கடைக்காரர் சிறிய ரைபிளை ஒதுக்கிவிட்டு மேக்னம் என்ற பெரிய ரைபிளை எடுத்து வைத்தார்.

"லேசான குண்டு எருமைத் தோலுலயே நின்னுருமாம். விரியாத கனத்த குண்டு வேணும்னு சொல்லுகாரு," என்று அப்பா எனக்கு மெதுவாக விளக்கினார்.

முதலாளி குண்டில்லாத ரைபிளின் போல்ட்டைத் தாழ்ப்பாள்போலத் தள்ளி, அதைத் தோளில் சாய்த்து அப்பாவிடம் கையை அசைத்தார். "யல்லா, எருமை மாதிரி நட," என்றார் அரபி கலந்த இந்தியில்.

அப்பா சிரித்துக்கொண்டே கைகளைத் தரையில் ஊன்றி, கடையின் நீளத்துக்கு நடந்தார். துப்பாக்கிக் குழல் அவரைப் பின்தொடர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் அப்பா அம்மையிடம், "அர்பாப்புக்கு இன்னைக்கு ரைபிள் பாத்து எடுத்துக் குடுத்தது நானாக்கும்," என்றார்.

"உள்ளதா மக்ளே?" அம்மை என்னைக் கேட்டாள்.

"ஆமா, அப்பாதான் எடுத்தாரு."

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போனார்.

இப்போதும் ஊரில் விருந்தாளிகள் வந்தால் அம்மை அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்கிறாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.