பிரேக் இல்லாத ஐம்பது ஆண்டுகள்

முன்னாள் பிரதமர் ஒருவரின் பிறந்தநாளுக்கு எங்கள் பத்திரிகை ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியது. அவருடைய அரை நூற்றாண்டு அரசியல் வாழ்க்கைதான் பொருள். நெய்வேலி நிருபரான என்னிடம் கேட்டது கொஞ்சம்தான்: சாதாரணத் தொழிலாளி ஒருவரின் கருத்து, நான்கு வரி, ஒரு படம்.

முதல் ஷிப்ட் முடிந்த நேரத்தில் மந்தாரக்குப்பம் டீக்கடைக்குப் போனேன். எனக்குப் பழக்கமான ஒரு பெண் அங்கே தோழியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர்கள், கான்ட்ராக்ட். குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர்கள்.

தலைவரின் வாழ்க்கைக் குறிப்பைச் செல்போனில் பார்த்து வாசித்தேன். கட்சி ஊழியர், சட்டமன்றம், மத்திய அமைச்சர், தேர்தல் தோல்வி, பதவியே இல்லாத சில ஆண்டுகள், பிறகு பிரதமர்.

அந்தப் பெண் குறுக்கிட்டார். "தோத்துட்டு வூட்ல குந்திகினு இருந்தாரே, அந்த வருசமும் இந்த அம்பதுல சேர்த்தியா சார்?"

"சேர்த்திதான்."

"அவருக்கு பிரேக் கெடையாதா?"

தோழி சிரித்ததில் டீ சிந்தியது. "யக்கா, அவரு பர்மனென்ட்டு. உன்ன மாதிரியா?"

ஒப்பந்தம் முடியும்போது ஒப்பந்ததாரர் பழைய கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொள்வார். ஒரு வாரம் வர வேண்டாம் என்பார். அதுதான் பிரேக். பிறகு புதுப் பாஸ் வரும். அதில் பணியில் சேர்ந்த நாளும் புதிதாக இருக்கும். அதே கட்டடம், அதே மாடிப்படி. இந்தப் பெண் அந்தப் படிகளை இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெருக்குகிறார். பாஸின்படி அவர் வேலைக்கு வந்து பதினோரு மாதம்.

"எழுதிக்கோங்க சார். அவரு வூட்ல இருந்தது சர்வீஸு. நான் பொங்கலன்னிக்கிகூட வேல செஞ்சிகினு இருந்தது சர்வீஸு இல்லியா? என் இருவத்திரெண்ட பேப்பர்ல போடுங்க. பேரோட போடுங்க."

"அடுத்த வாரம் உங்க பாஸ் முடியுதுன்னு சொன்னீங்களே. யோசிச்சுச் சொல்லுங்க."

"இருவத்திரெண்டு வருசமா யோசிச்சிகினுதாங்க இருந்தேன்."

அவர் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். மறுநாள் பத்திரிகையில், 'பதினோரு மாதங்களாகத் துப்புரவுப் பணி செய்யும்' என்று அவர் பெயருக்கு முன்னால் அச்சாகியிருந்தது. படத்தில் அவர் கழுத்தில் பாஸ் தொங்கியது. உதவி ஆசிரியர் படத்தைப் பெரிதாக்கி, தேதியைப் படித்து, என் 'பிழை'யைத் திருத்தியிருக்கிறார். தலைவரின் ஐம்பது ஆண்டுகளை யாரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

காலை ஆறு மணிக்கே போன் வந்தது. "நீங்களும் எனக்கு பிரேக் உட்டுட்டீங்களே சார்."

திருத்தம் வெளியிட வேண்டும் என்று ஆசிரியர் குழுவிடம் சொன்னேன். ஆதாரம் கேட்டார்கள். பழைய பாஸ் ஒன்றுகூட அந்தப் பெண்ணிடம் இல்லை. அதற்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் கவர் கொண்டுவந்தார். உள்ளே, அந்த அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களின் பிரிவுபசாரக் குழுப்படங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். நடுவில் மாலையோடு நிற்கும் முகம் படத்துக்குப் படம் மாறுகிறது. பின்னால் பேனரில் தேதி மாறுகிறது. வலது ஓரத்தில் நிற்கும் பெண் மாறவில்லை. தலை மட்டும் நரைத்துக்கொண்டே வருகிறது.

ஒன்பது படங்களை அனுப்பினேன். திருத்தம் உள்பக்கத்தில் இரண்டு வரியாக வந்தது.

பாஸ் புதுப்பிக்கும் நாளில் அவர் அந்தத் துணுக்கை வெட்டி எடுத்துப் போனார். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் படித்துவிட்டு, "பேப்பர்ல வந்துட்டா பெரிய ஆளா?" என்று கேட்டாராம்.

"நான் இங்க வேலைக்கி வந்தப்ப நீ அரை டவுசர் போட்டுகினு பள்ளிக்கூடம் போயிகினு இருந்த தம்பி. மெதுவாப் பேசு" என்று இவர் சொல்லியிருக்கிறார். இதைத் தோழி எனக்கு நடித்தே காட்டினார்.

படிவத்தில் 'பணியில் சேர்ந்த நாள்' என்ற இடத்தில் வரப்போகும் திங்கட்கிழமையின் தேதி முன்பே நிரப்பப்பட்டிருந்தது. அவர் அதை அடித்துவிட்டு, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேற்பார்வையாளர் கிழித்துப் போட்டு இன்னொரு படிவம் கொடுத்தார். அதிலும் அதே தேதி. மூன்றாவது படிவத்தைக் கொடுக்கவில்லை.

பாஸ் இன்னும் வரவில்லை. ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவர் ஒரு நாளும் இருக்கவில்லை. தினமும் முதல் ஷிப்ட்டுக்கு வரும் பஸ்ஸில் வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறார். நேற்று நான் போயிருந்தபோது காவலர் அலுத்துக்கொண்டே கேட்டார்:

"பாஸ் இல்லாம டெய்லி எதுக்கும்மா வர்ற?"

"வேலைக்கி" என்றார்.