விளக்கு அளிக்கவும்

குடியிருப்போர் சங்கத்தின் பதினோராம் விதியில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. தெருவுக்கு நகராட்சி விளக்கு கிடையாது. ஆகவே அவரவர் கேட்டருகே இருக்கும் கம்பத்து விளக்கை இருட்டுவதற்குள் போட்டு, பல்பு போனால் மாற்றி, கண்ணாடிக் கூண்டைத் துடைத்து வைப்பது வீட்டுக்காரரின் கடமை. பதினேழாம் எண் வீட்டுக்காரர் அந்தக் கடமையில் தவறிவிட்டார்.

அவர் ஓர் அச்சகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர். பிறருடைய பிழையைப் பார்த்தே பிழைத்தவர். தெருவில் அவருக்கு ‘ஒற்று’ என்று பெயர். கடைப் பலகையில் ஒரு ‘க்’ விட்டுப்போயிருந்தாலும், பேனாவால் போட்டுவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர்வார். மனைவி போய் மூன்று வருடம். வெளிநாட்டிலிருக்கும் மகள் ஞாயிறன்று போனில் “சாப்டியாப்பா?” என்பாள். “ஆச்சும்மா” என்பார். அத்தோடு அந்த வாரத்துப் பேச்சு தீர்ந்தது.

விளக்கு எரியாததே அவருக்குத் தெரியாது. சாயங்காலம் வெளியே கிளம்புகிறவனுக்கும் ஆள் வந்துபோகிற வீட்டுக்காரனுக்கும்தானே வாசல் இருட்டு கண்ணில் படும். சங்கத்து நோட்டீஸ் வந்துதான் தெரிந்தது: ‘தங்கள் விளக்கு எரியாதது குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கு அளிக்கவும்.’

விளக்கம் என்றல்லவா இருக்க வேண்டும்! அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓய்வுபெற்ற பிறகு கிடைத்த முதல் வேலை. சிவப்புப் பேனாவை எடுத்துக் ‘கு’வை அடித்து, ஓரத்தில் ‘கம்’ என்று போட்டு, சங்கத்துப் பெட்டியில் சேர்த்துவிட்டு வந்தார். வரும் வழியில் பல்பும் வாங்கினார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் சங்கச் செயலாளரே வந்துவிட்டார். டயர்க் கடை வைத்திருப்பவர்.

“என்ன சார், நோட்டீஸ் கொடுத்தா பரீட்சை பேப்பர் மாதிரி திருத்தி அனுப்புறீங்க?”

“மார்க் போடலையே. போட்டிருந்தா நீங்க பாஸாகியிருக்க மாட்டீங்க.”

செயலாளர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். இவர் போட்ட டீயைக் குடித்தபடியே “விளக்குக்கும் விளக்கத்துக்கும் அப்படி என்ன சார் வித்தியாசம்?” என்று வாயைக் கொடுத்துவிட்டார். எழுந்திருக்க நாற்பது நிமிடம் ஆனது.

“பல்பை மட்டும் மாத்திருங்க சார்.”

“பார்க்கலாம்.”

பல்பு அலமாரியில்தான் இருந்தது. ஒரு நிமிட வேலை. ஆனால் மாற்றிவிட்டால் நோட்டீஸ் வராது. நோட்டீஸ் வராவிட்டால் செயலாளர் வரமாட்டார். வாழ்நாளில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தப்பவிடாத மனிதர் இப்படித்தான் அறுபத்து நான்காம் வயதில் சட்டத்தை மீறுபவர் ஆனார்.

இரண்டாம் நோட்டீஸில் மூன்று பிழைகள். செயலாளர் ஒரு மணி நேரம் இருந்தார். மூன்றாவதில் ஐந்து. அன்றைக்காக மேல் தட்டிலிருந்து நல்ல கோப்பைகளை இறக்கிக் கழுவி வைத்தார்.

நான்காவது நோட்டீஸ், ‘தாங்கள் செய்யாததை சங்கமே செய்து முடிக்கும்’ என்றது. கூடவே எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து நின்றார்.

“டீ போடட்டுமா தம்பி?”

“வேணாம் அங்கிள், இன்னும் மூணு கம்பம் இருக்கு.” நான்கே நிமிடத்தில் இறங்கிவிட்டார். “இது இருட்டுனா தானா எரியும், விடிஞ்சா தானா அணையும். பத்து வருஷத்துக்கு நீங்க கிட்டவே வர வேணாம்.”

“பத்து வருஷமா?”

“ஆமா. அங்கிள், ஏணியை விட்டீங்கன்னா எடுத்துட்டுக் கிளம்புவேன்.”

அப்போதுதான் அவர் கையை எடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு டயர்க் கடைக்கே போனார். செயலாளர் ஒரு வண்டிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“கடைசி நோட்டீஸ்ல ‘செய்யாததை’க்குப் பின்னாடி ஒரு ‘ச்’ விட்டுப்போச்சு.”

“இருந்துட்டுப் போகட்டும் சார். அதான் உங்க விஷயம் முடிஞ்சிருச்சே.” செயலாளர் நிமிர்ந்து, நிஜமான அன்போடு சொன்னார்: “இனிமே எங்களால உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.”

தொந்தரவெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் செயலாளர் குனிந்துவிட்டார்.

அவர் திரும்பி வருவதற்குள் விளக்கு தானாகவே எரிந்துகொண்டிருந்தது. கேட், நடைபாதை, இரண்டு படிகள், அழைப்பு மணி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. வீட்டுக்கு வருகிறவர் தடுக்கி விழாமல் இருக்க விதிப்படி எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ, அவ்வளவும் இருந்தது.